ஊர் கூடி இழுக்கும் தேர்: மனநோயிலிருந்து மீள்வதில் குடும்பமும் அக்கம்பக்கமும்

மனநோய்க்கான உள்நோயாளிச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மருந்தைப் பற்றியவை. எத்தனை மாதம் கொடுக்க வேண்டும், காலையிலா இரவிலா, ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது, தூக்கம் மிகுதியாக வருகிறதே என்றெல்லாம் கேட்பார்கள். இவை அனைத்தும் தேவையான கேள்விகளே. மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்த பிறகு, கதவருகே நின்று தாழ்ந்த குரலில் சிலர் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு: "எதிர்வீட்டில் விசாரித்தால் என்ன சொல்வது, டாக்டர்?"

இந்தக் கேள்வியைப் பலர் கேட்காமலேயே சென்றுவிடுகிறார்கள். ஆனால் சிகிச்சையின் பயன் நிலைக்குமா, இல்லையா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது இதற்குக் கிடைக்கும் விடைதான். மருத்துவமனையில் ஒரு நோயாளி கழிப்பது சில வாரங்கள். எஞ்சிய காலம் முழுவதையும் அவர் கழிப்பது தம் வீட்டிலும் தெருவிலும் பணியிடத்திலும்தான். அந்த இடங்களில் இருப்பவர்கள் சிகிச்சையில் எவ்வாறு பங்கேற்கலாம், அப்படிப் பங்கேற்றால் பயன் உண்டு என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் குறைவதும் வாழ்வு மீள்வதும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இவர் ஒரு தனிமனிதர் அல்லர். எங்கள் பிரிவுக்கு வரும் பலருடைய நிலையைச் சேர்த்துச் சொல்லும் மாதிரி. வயது 26. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி. உடன் பணிபுரிவோர் தம்மைப் பற்றி ஏதோ சதி செய்கிறார்கள் என்ற ஐயம் முதலில் தோன்றுகிறது. பிறகு, யாரும் இல்லாதபோதும் காதில் குரல்கள் கேட்கின்றன. மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்து சிகிச்சை தொடங்குகிறோம். ஆறு வாரங்களில் குரல்கள் அடங்குகின்றன, ஐயமும் குறைகிறது. மருத்துவக் குறிப்பேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதுகிறோம்.

வீட்டில் நடப்பது வேறு. வேலை போய்விட்டது. நண்பர்கள் தொலைபேசியில் அழைப்பதில்லை. காலை 11 மணி வரை படுத்திருக்கிறார். குளிக்கச் சொன்னால் எரிச்சல். 'சோம்பேறி' என்கிறார் தந்தை. மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்து, 'எனக்குத்தான் சரியாகிவிட்டதே, இந்த மாத்திரையால்தான் சோர்வாக இருக்கிறது' என்று மருந்தை நிறுத்துகிறார். அடுத்த சில வாரங்களில் தூக்கம் கெடுகிறது, குரல்கள் திரும்புகின்றன.

இங்கே இரண்டு வேறுபட்ட துன்பங்கள் உள்ளன. குரல் கேட்டல், ஐயம், கடுஞ்சோர்வு போன்றவை நோயின் அறிகுறிகள். வேலை, நட்பு, அன்றாட ஒழுங்கு, தன்மதிப்பு ஆகியவற்றை இழப்பது நோயால் விளையும் இயலாமை. முதலாவதை மருந்து கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, மருந்தால் மட்டும் நீங்குவதில்லை. ஆர்வக்குறைவும் செயலின்மையும்கூட மனச்சிதைவு நோயின் அறிகுறிகளே என்பதை அறியாத குடும்பம் அவற்றைச் சோம்பல் என்று கருதிக் கடிந்துகொள்கிறது. அந்தக் கடிதலே நோயாளியை மேலும் ஒதுங்கச் செய்கிறது.

2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் ஏறக்குறைய 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு அப்போது இருந்ததாக அது கண்டறிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. பெரும்பாலான மனநோய்களில் இந்த இடைவெளி 70 விழுக்காட்டுக்கும் மேல். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்ற நிலையில், மருத்துவமனைகளால் மட்டும் இந்த இடைவெளியை நிரப்ப இயலாது.

தமிழகம் கடந்து வந்த பாதை

சென்னையில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் 1794இல் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த மருத்துவமனை 1871இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதுவே. அக்காலத்து முறை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து மதிலுக்குள் வைப்பதாகும். பலருக்கு அந்தப் பிரிவு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. நோய் தணிந்த பிறகும் அழைத்துச் செல்ல வருவார் இல்லை.

இந்த முறையை மாற்றும் முயற்சிகள் இந்தியாவிலேயே தோன்றின. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கச் செய்தார். நோய் எப்படிப்பட்டது, அதை எப்படிக் கையாள்வது என்பதைக் குடும்பத்தினர் அங்கேயே கற்றுக்கொண்டு, நோயாளியுடன் வீடு திரும்பினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டபோது, குடும்பத்தினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதை நடைமுறையாகக் கொண்டது. மேலைநாட்டு மருத்துவமனைகளில் குடும்பத்தைத் தள்ளி நிறுத்திய காலம் அது.

சென்னையில் 1961 முதல் 1978 வரை அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் மா. சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளிகள் கைத்தொழில் கற்றுப் பணியில் ஈடுபடுவதும் சிகிச்சையின் பகுதியே என்று கருதிச் செயல்பட்டார். ஓய்வுக்குப் பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா', துயரில் இருப்போரின் பேச்சைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்கும் அமைப்பு. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேனியன்', வீடின்றித் தெருவில் வாழ நேர்ந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. நமக்கு அருகிலுள்ள முகப்பேரில் இயங்கும் 'அடைக்கலம்' இல்லம் இவர்களுடையது.

இவை ஒருபுறம் வளர்ந்துகொண்டிருக்கையில், 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் பலவும் கொடியவர்களின் குடும்பங்கள் அல்ல. சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாமலும், ஊரின் பேச்சுக்கு அஞ்சியும், தனியாகச் சுமந்து களைத்தும் போனவர்கள். குடும்பம் தனித்துவிடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி ஓர் எச்சரிக்கை. இன்று அதே ஏர்வாடியில், தர்காவுக்கு வருவோருக்குப் பிரார்த்தனையுடன் அரசு மனநல மருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிடைத்த சான்று

'அக்கம்பக்கத்தாரும் எளிய பணியாளர்களும் உதவினால் நல்லது' என்பது கேட்க இனிய கருத்து. அது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் களங்களுள் ஒன்று அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊரகப் பகுதி. ஐயப்பன்தாங்கலும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், இதை நம் மாவட்டத்து அனுபவம் என்றே கொள்ளலாம். கோவாவும் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவும் மற்ற இரு களங்கள். தமிழகப் பணியை ஸ்கார்ஃப் மேற்கொண்டது. முடிவுகள் 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின.

மனச்சிதைவு நோயுள்ள 282 பேர் இதில் பங்கேற்றனர். அவர்களில் 95 பேர் வழக்கம்போல் மருத்துவரை வந்து பார்த்து மருந்து பெற்றனர். 187 பேர் அவ்வாறே மருந்து பெற்றதோடு, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரின் தொடர்ந்த துணையையும் பெற்றனர். யார் எந்தப் பிரிவில் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரையும் ஒப்பிட்டனர்.

அந்தப் பணியாளர்கள் மருத்துவரோ செவிலியரோ அல்லர். பள்ளிக் கல்வி பெற்று, மக்களோடு இயல்பாகப் பழகத் தெரிந்து, இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். மனநல மருத்துவர்கள் அவர்களை வழிநடத்தினர். வீடு தேடிச் சென்று அவர்கள் செய்த பணிகள் இவை:

1. நோயாளியும் குடும்பத்தினரும் எதை முதன்மையான தேவையாகக் கருதுகிறார்கள் என்று கேட்டறிதல்.
2. நோயைப் பற்றி அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்குதல்.
3. மருந்தை ஒழுங்காக உட்கொள்ள வழி காணுதல்; பக்கவிளைவுகளை மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுவருதல்.
4. உடல்நலத்தையும் கவனித்தல்.
5. குளித்தல், சமைத்தல், கடைக்குச் செல்லுதல் தொடங்கி, வேலைக்குத் திரும்புவது வரை படிப்படியாக உடனிருத்தல்.
6. இழிவாகப் பேசுவோரையும் ஒதுக்குவோரையும் எதிர்கொள்ள உதவுதல்.
7. அரசு உதவிகள், சுய உதவிக் குழுக்கள் ஆகியவற்றுடன் இணைத்துவிடுதல்.

பட்டியலில் வியப்பூட்டும் செயல் எதுவும் இல்லை. எனினும் ஓராண்டு முடிவில், சமூகப் பணியாளரின் துணை பெற்றவர்களிடம் அறிகுறிகளும் இயலாமையும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. மூன்று களங்களில் தமிழகக் களத்தில்தான் இந்த வேறுபாடு தெளிவாகத் தென்பட்டது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். கிடைத்த பயன் மிதமானது, அற்புதம் அன்று. நோயறிகுறிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தவர்களின் அளவில் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. துணை பெற்றவர்களிலும் சிலர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஆகவே சமூகத் துணை மருந்துக்கு மாற்று ஆகாது. மருந்தோடு சேரும்போது, அறிகுறி அடங்கிய பிறகும் எஞ்சி நிற்கும் இயலாமையைக் குறைக்கிறது என்பதே இந்த ஆய்விலிருந்து நாம் பெறும் பாடம். நம் எடுத்துக்காட்டு இளைஞர் காலை 11 மணி வரை படுத்திருந்தாரே, அந்த இடத்தில்தான் இத்துணை தேவைப்படுகிறது.

பிற இடங்களிலும் இத்தகைய அனுபவம் உண்டு. ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், சுகாதார நிலையத்தின் வெளியே மர இருக்கையில் அமர்ந்து, பயிற்சி பெற்ற பாட்டிமார் மனச்சோர்வுற்றோரின் குறைகளைக் கேட்டு, சிக்கலை ஒவ்வொன்றாகத் தீர்க்க வழி காட்டுகிறார்கள். 573 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து அவர்களின் துணை பெற்றோரிடம் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டி, நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சென்னையின் 'மீண்டும் வீடு' திட்டத்தைக் குறிப்பிடுகிறது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் தாமே சமைத்து வாழும் பேனியன் அமைப்பின் திட்டம் அது. காப்பகம்தான் கதி என்று கருதப்பட்டவர்கள் வீட்டுக்காரருக்கு வாடகை தருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிறார்கள்.

நம் பகுதியில் யார் என்ன செய்யலாம்?

ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர், பூந்தமல்லி வட்டாரம் கடந்த இருபதாண்டுகளில் விரைந்து மாறியிருக்கிறது. ஒருகாலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். வேலைக்காகப் பிற மாவட்டங்களிலிருந்து வந்தோரும், கட்டுமானப் பணிக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்தோரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். சித்தப்பாவும் அத்தையும் சொந்த ஊரில் இருக்கிறார்கள். எதிர்வீட்டாரின் பெயர் தெரியாது. நம் பகுதியில் 'அக்கம்பக்கம்' என்பது தானாகக் கிடைப்பதன்று. முயன்று உருவாக்கிக்கொள்ள வேண்டியது. பங்கு பிரித்துக்கொண்டால் அது இயலும்.

குடும்பத்தினர்: குறை கூறலும் பகையும் மிகுந்த வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்பதை லண்டனில் நடந்த ஆய்வுகள் முதலில் காட்டின, 1980களில் சண்டிகரில் நடந்த ஆய்வும் வீட்டில் நிலவும் பகைமைக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பைக் கண்டது. 'எழுந்திரு, எத்தனை நேரம் தூங்குவாய்' என்பதைவிட, 'எட்டு மணிக்குச் சேர்ந்து காபி குடிப்போம்' என்பது பயன் தரும். ஒரு நாளைக்கு ஒரு பொறுப்பு போதும்: பால் வாங்கி வருதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல், தம்பியைப் பள்ளியில் விடுதல். செய்ததைப் பாராட்டுங்கள், செய்யாததை எண்ணிக் காட்டாதீர்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்து கொடுப்பதும் தீங்கே. அது அவருடைய திறனை மேலும் குறைக்கும்.

அக்கம்பக்கத்தினர்: வழக்கம்போல் நலம் விசாரியுங்கள். நோயைப் பற்றி அவராகச் சொன்னால் கேளுங்கள், துருவ வேண்டாம். 'மெண்டல்', 'லூசு' என்ற சொற்களைக் குழந்தைகள் முன் விளையாட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவர்கள்தாம் பிறரின் ஏளனத்துக்கும் வன்முறைக்கும் உள்ளாகிறார்கள். கோலப்போட்டி, பொங்கல் விழா, கோயில் அன்னதானம் எதுவாயினும் அந்தக் குடும்பத்துக்கும் அழைப்பு செல்லட்டும். வராவிட்டாலும் அடுத்த முறை அழையுங்கள்.

குடியிருப்போர் சங்கங்கள்: யாரேனும் ஒருவரின் நோயைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் விவாதிப்பதை அனுமதிக்காதீர்கள். மீண்டு வருபவருக்கு ஏற்ற சிறு பொறுப்புகளைத் தர முடியுமா என்று பாருங்கள். தண்ணீர் லாரிக் கணக்கு எழுதுதல், சிறுவர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுதல் போன்றவை ஊதியம் குறைவாயினும் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன.

வேலை தருவோர்: சிகிச்சையின் தொடக்க மாதங்களில் இரவு முறைப்பணி வேண்டாம். தூக்கம் கெடுவது நோய் திரும்புவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. முதலில் அரைநாள், பிறகு முழுநாள் என்று கூட்டலாம். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வர விடுப்புக் கொடுங்கள்.

வழிபாட்டுத் தலங்களும் பூசாரி, ஹஜ்ரத், போதகர் ஆகியோரும்: நம் பகுதியில் பலர் மருத்துவரிடம் வருவதற்கு முன் இவர்களிடம்தான் செல்கிறார்கள். வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும் என்று இவர்கள் சொல்லும் ஒரு சொல், நாங்கள் சொல்லும் பத்துச் சொற்களுக்கு ஈடு. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். லித்தியம் மருந்து உட்கொள்வோர் தண்ணீரின்றியும் உப்பின்றியும் விரதம் இருந்தால், மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும். ஆடி மாத விரதமோ ரமலான் நோன்போ மாலை போடுவதோ, எதுவாயினும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகாதாரத் தன்னார்வலரும் மகளிர் குழுக்களும்: 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கு வீடு தேடி மருந்து வருகிறது. சில மனநோய் மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. எனவே வீட்டில் முதியவருக்குப் பரிசோதனை செய்ய வரும்போது, மனநோய்க்கு மருந்து உட்கொள்பவருக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுய உதவிக் குழுவில் உறுப்பினராவது, குறிப்பாகப் பெண்களுக்கு, சேமிப்போடு தோழமையையும் தரும்.

யாரிடம், எவ்வளவு சொல்வது?

கூட்டு முயற்சி என்றால் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்று பொருளல்ல. நோயைப் பற்றி யாரிடம் சொல்லலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உண்டு. வெளியேறும் நாளிலோ அடுத்த சந்திப்பிலோ அவருடன் அமர்ந்து மூன்று வட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். உள் வட்டத்தில் இருப்போருக்கு நோயின் பெயரும் மருந்தும் தெரியும். இவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். நடு வட்டத்துக்கு, 'சிறிது காலம் உடல்நலம் சரியில்லை, சிகிச்சை நடக்கிறது, நன்றாக இருக்கிறார்' என்ற அளவு போதும். வெளி வட்டத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: எதிர்வீட்டார் எந்த வட்டத்தில் இருக்கிறார் என்பதை நோயாளியுடன் பேசி முடிவு செய்யுங்கள். பொய் சொல்ல வேண்டாம். முழுவதும் சொல்லவும் வேண்டாம்.

உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நோய் திரும்புவதற்கு முன் பெரும்பாலும் சில நாள்களோ வாரங்களோ முன்னறிகுறி தெரியும். உள் வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும்:

• தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் தூக்கமின்மை
• மருந்தை மறுத்தல் அல்லது மறைத்தல்
• தனியே பேசுதல், சிரித்தல், காரணமற்ற ஐயம்
• உணவும் குளியலும் குறைதல், அறைக்குள்ளேயே இருத்தல்
• வழக்கத்துக்கு மாறான மிகுபேச்சு, மிகுசெலவு, எரிச்சல்

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் வாருங்கள்.

'வாழ்ந்து என்ன பயன்' என்ற பேச்சு, விடைபெறுவது போன்ற சொற்கள், விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவற்றை ஒருபோதும் புறக்கணிக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. மனத்தைத் திறக்க வழி கொடுக்கும். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையின் 14416, மாநில சுகாதார உதவி எண் 104, சிநேகாவின் 044-24640050 ஆகியவற்றிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108ஐ அழையுங்கள்.

சட்டம் தரும் துணை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயுள்ளவர் சமூகத்தில் வாழும் உரிமையை அது ஏற்கிறது. எந்த நிறுவனத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. நோய் மிகும்போது தம் சார்பில் பேச ஒரு நம்பிக்கைக்குரியவரை முன்கூட்டியே நியமிக்கவும், எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. உடல்நோய்க்கு உள்ளது போல மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதிப் பராமரிக்க வேண்டும் என்கிறது; எனவே காவல்துறைக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றுள்ளது. நீண்டகால இயலாமை 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சான்றிதழ் பெறலாம்.

கவனிப்பவரையும் கவனியுங்கள்

மனநோயாளியைப் பராமரிக்கும் தாய், மனைவி, சகோதரி ஆகியோர் தம் தூக்கத்தையும் சர்க்கரைப் பரிசோதனையையும் ஒத்திவைத்துக்கொண்டே வருவதை அன்றாடம் காண்கிறோம். ஒருவரே பல ஆண்டுகள் சுமக்கும் பராமரிப்பு இறுதியில் முறிகிறது. உறவினர் ஒருவரிடம் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டு வாங்குங்கள். அந்த நாளில் நீங்கள் வெளியே செல்லுங்கள். கோயிலோ திரைப்படமோ அக்காவின் வீடோ, எதுவாயினும் சரி. 'எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்' என்ற அச்சம் உங்களை வாட்டினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சென்னையில் நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து உருவாக்கிய 'ஆஷா' போன்ற அமைப்புகள் அந்த அச்சத்திலிருந்தே பிறந்தவை. அதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு பேசுவது, எங்களால் தர இயலாத ஆறுதலைத் தரும்.

அடுத்த சந்திப்புக்கு வருமுன்

கீழ்க்காணும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுடன் கொண்டு வாருங்கள்.

1. உள் வட்டத்தில் இருக்கும் மூவரின் பெயர்கள், நோயாளியின் ஒப்புதலுடன்.
2. நோய் திரும்பும்போது அவரிடம் முதலில் தெரியும் அறிகுறி எது?
3. இந்த மாதம் அவர் தாமாக ஏற்றுச் செய்த ஒரு பொறுப்பு.
4. அடுத்த மாதம் அவர் செய்ய விரும்பும் ஒன்று. இதை அவரே சொல்ல வேண்டும்.
5. கவனிப்பவருக்குக் கிடைத்த ஓய்வு நாள்கள் எத்தனை?

மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் இந்தத் தாளை நாங்கள் படிப்போம். நான்காவது கேள்விக்கு 'பழைய நண்பனைப் பார்க்க வேண்டும்' என்ற விடை வந்தால், அந்த நண்பருக்கு யார் தொலைபேசியில் பேசுவது என்பதை அன்றே உங்களோடு சேர்ந்து முடிவு செய்வோம்.